15 ஜிபி இலவசம், பொறுப்பு மட்டும் உங்களுடையது

உங்கள் போனில் கடைசியாக எடுத்த போட்டோ எங்கே இருக்கிறது? போனில்தான் என்பீர்கள். அது பாதி பதில். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன் செய்திருந்தால், நெட் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அதன் நகல் ஒன்று கூகுளின் டேட்டா சென்டருக்குப் போயிருக்கும். ஐபோன் என்றால் ஐகிளவுடுக்கு. நீங்கள் தூங்கும்போது, ராத்திரி 2 மணிவாக்கில், வாட்ஸ்அப் உங்கள் அரட்டைகளை எல்லாம் மூட்டை கட்டி கூகுள் டிரைவில் போட்டுவிடுகிறது. ஜிமெயிலில் பத்து வருடமாகச் சேர்ந்த கடிதங்கள், வங்கி ஸ்டேட்மென்ட், பிள்ளையின் மார்க் ஷீட் ஸ்கேன் எதுவும் உங்கள் வீட்டில் இல்லை. வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. உங்களுக்குக் கிடைப்பது இணையம் வழியாக அதைப் பார்க்கும் வழி. கிளவுட் என்று சொல்வது இவ்வளவுதான்.

இது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போன் தண்ணீரில் விழுந்தாலும் படங்கள் பிழைத்துக்கொள்ளும். இந்தக் கட்டுரைகூட கிளவுடில்தான் எழுதப்படுகிறது. ஆனால் இதன் ஆபத்து பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஹேக் பண்ணிடுவாங்களா?" பண்ணலாம். ஆனால் என் கணக்கில் அது இரண்டாவது கவலை. முதல் கவலை, உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையில் இருக்கும் ஒப்பந்தம். நீங்கள் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று தட்டிய அதே ஒப்பந்தம்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க வங்கி லாக்கரை எடுத்துக்கொள்வோம். தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் வைத்தது போய்விட்டால், ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு தொகைக்கு வங்கி பொறுப்பு என்கிறது 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்பது வங்கிக்குத் தெரியாது. சாதாரணமாக உங்கள் சாவி இல்லாமல் அது திறக்காது. பிரச்சினை என்றால் கிளைக்குப் போய் மேனேஜர் முன்னால் உட்காரலாம்.

கிளவுடில் இவை எல்லாம் தலைகீழ். கோப்புகளைச் சேமித்து வைக்கும் கிளவுட் சேவையான டிராப்பாக்ஸின் பொது விதிமுறையைப் பாருங்கள்: நிறுவனத்தின் பொறுப்புக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 20 டாலர் அல்லது உங்கள் நடப்புத் திட்டத்துக்குக் கட்டிய பணம், இரண்டில் எது அதிகமோ அது. கல்யாண ஆல்பம் போனாலும் சரி, பத்து வருடக் கணக்கு வழக்கு போனாலும் சரி. உள்ளே இருப்பதை நிறுவனத்தின் மென்பொருள் பார்க்கலாம். சாவி அவர்களிடமும் இருக்கிறது. மேனேஜர்? ஒரு படிவம் இருக்கிறது, நிரப்பி அனுப்பலாம்.

அந்தப் படிவம் மட்டுமே மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உண்மைக் கதை. 2021 பிப்ரவரி, சான் பிரான்சிஸ்கோ. கோவிட் காலம். ஒரு தம்பதியின் சின்னக் குழந்தைக்குப் பிறப்புறுப்புப் பகுதியில் வீக்கம். வீடியோவில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் படம் அனுப்பச் சொன்னார் நர்ஸ். தகப்பனின் ஆண்ட்ராய்டு போனில் எடுத்தார்கள், அனுப்பினார்கள். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார், குழந்தைக்குச் சரியாகிவிட்டது. ஆனால் போன் அந்தப் படத்தைத் தானாகவே கூகுளுக்கும் ஏற்றியிருந்தது. இரண்டு நாள் கழித்து அவரது கூகுள் கணக்கு முடக்கப்பட்டது. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களைத் தேடும் தானியங்கி முறை, அந்தப் படத்தை அப்படிப்பட்டதாகக் குறித்துவிட்டது.

மெயில் போனது. தொடர்பு எண்கள் போயின. பிள்ளை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் போயின. அவருடைய மொபைல் எண்ணும் கூகுளின் சேவையில் இருந்ததால் அதுவும் நின்றது. எண் போனதும் மற்ற கணக்குகளுக்கான ஓடிபி வருவதும் நின்றது. விளக்கம் எழுதி மேல்முறையீடு செய்தார். முடியாது என்று பதில். இதற்கிடையே போலீஸ் விசாரணையும் நடந்திருக்கிறது. தேடல் வரலாறு, போன இடங்கள், செய்திகள், படங்கள் என்று கூகுளிடம் இருந்த எல்லாவற்றையும் வாரண்ட் மூலம் வாங்கிப் பார்த்துவிட்டு, குற்றம் எதுவும் இல்லை என்று போலீசே வழக்கை மூடியது. விசாரணை அதிகாரி அவரைத் தொடர்புகொள்ள முயன்றும் முடியவில்லையாம், ஏனென்றால் போனும் மெயிலும் வேலை செய்யவில்லை! போலீஸ் அறிக்கையைக் காட்டிக் கேட்ட பிறகும் கணக்கு திரும்பி வரவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதியபோதுதான் வெளியே தெரிந்தது.

அமெரிக்கா தூரம் என்று நினைத்தால், நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. தான் 2 வயதாக இருந்தபோது பாட்டி குளிப்பாட்டிய படத்தை டிரைவில் ஏற்றிய குஜராத் இளம் பொறியாளர் ஒருவரின் கணக்கு முடக்கப்பட, அவர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பாட்டி குளிப்பாட்டும் படம் இல்லாத குடும்ப ஆல்பம் நம் ஊரில் எத்தனை இருக்கும்?

குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தைப் பிடிக்க நிறுவனங்கள் தேடுவது தவறு என்று சொல்லவில்லை. அந்தத் தேடலால் உண்மையான குற்றவாளிகள் பிடிபட்டிருக்கிறார்கள். மெஷின் தப்பாகக் குறித்துவிட்டால் மனிதரிடம் போய்ச் சொல்ல வழி இல்லை என்பதுதான் சிக்கல். மெயில், போட்டோ, காண்டாக்ட், டாக்குமென்ட் எல்லாம் ஒரே லாகினில் தொங்குவதால், ஒரு படத்துக்கான தண்டனை மொத்த வாழ்க்கைக்கும் விழுகிறது.

யார் பார்க்கலாம்?

'உங்கள் தகவல்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டவை', அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டவை என்று எல்லா நிறுவனமும் சொல்லும். பொய் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சாவி யாரிடம்? கூகுள் டிரைவிலும் போட்டோஸிலும் சாவி கூகுளிடம். அதனால்தான் நீங்கள் 'கடற்கரை' என்று தேடினால் கடற்கரைப் படங்களை அதனால் எடுத்துக் கொடுக்க முடிகிறது. பார்க்க முடியாத படத்தில் கடலைக் கண்டுபிடிக்க முடியாது. ஜிமெயில் கடிதங்களை விளம்பரத்துக்காகப் படிப்பதை நிறுத்துவதாக 2017-இல் கூகுள் அறிவித்தது. அது அவர்களாக எடுத்த முடிவு. 'முடியாது' என்பதும் 'செய்யமாட்டோம்' என்பதும் ஒன்றில்லை. செய்யமாட்டோம் என்பதை அடுத்த விதிமுறைத் திருத்தத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு வகை உண்டு. எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் என்கிறார்கள். இதில் சாவி உங்கள் போனில் மட்டும், நிறுவனத்துக்கே தெரியாது. வாட்ஸ்அப் செய்திகள் இப்படித்தான் போகின்றன. ஆனால் டிரைவில் ஏறும் பேக்கப் வேறு கதை. அதற்கும் இந்தப் பூட்டு 2021 அக்டோபரில் வந்தது, ஆனால் அதை நீங்களாகப் போய் ஆன் செய்ய வேண்டும். ஐகிளவுடில் 2022 டிசம்பரில் இதே போன்ற வசதியை ஆப்பிள் கொண்டுவந்தது, அதுவும் தானாக ஆன் ஆகாது. பிரிட்டன் அரசின் நெருக்கடிக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் அந்த நாட்டுக்காரர்களுக்கு மட்டும் அதை விலக்கிக்கொண்டது ஆப்பிள். இந்த வகைப் பூட்டில் ஒரு கஷ்டமும் இருக்கிறது: பாஸ்வேர்டை நீங்கள் மறந்தால், அவ்வளவுதான். 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' பொத்தானால் உங்கள் கோப்புகளைத் திறந்து தர முடியாது.

அரசுகளைப் பொறுத்தவரை, உங்கள் மேசை டிராயரில் இருக்கும் கடிதத்தைப் பார்க்க உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், உங்களுக்குத் தெரிந்துவிடும். கிளவுடில் இருப்பதை நிறுவனத்திடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்க நிறுவனம் என்றால், கோப்பு எந்த நாட்டில் இருந்தாலும் முறையான சட்ட உத்தரவு வந்தால் கொடுத்தாக வேண்டும் என்று 2018-இல் அங்கே சட்டமே வந்துவிட்டது. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவு அரசுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது; ஒத்துழைக்க மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை.

அப்புறம், யாரும் திருடாமலே நாமாகத் திறந்துவிடும் கதவு ஒன்று இருக்கிறது. டிரைவில் ஒரு கோப்பைப் பகிரும்போது 'லிங்க் உள்ள எவரும்' என்று ஒரு தேர்வு வரும். அவசரத்தில் எல்லோரும் தட்டுவது அதைத்தான், ஒவ்வொருவரின் மெயில் ஐடியாகப் போட யாருக்குப் பொறுமை இருக்கிறது? கல்யாண போட்டோகிராபர் அனுப்பும் ஆல்பம் லிங்க், அப்பார்ட்மென்ட் சங்கத்தின் போன் நம்பர் பட்டியல், டியூஷன் மாஸ்டரின் மார்க் ஷீட் எல்லாம் இப்படித்தான் சுற்றுகின்றன. லிங்க் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், உங்களுக்குத் தகவல்கூட வராது. வேலை முடிந்த பிறகு அதை மூடுபவர்களை நான் பார்த்ததே இல்லை.

இதைவிட மோசம், ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர். பிரிண்ட் எடுப்பதற்காக அங்கே உட்கார்ந்து ஜிமெயிலில் நுழைகிறார்கள், ஆதாரை டவுன்லோட் செய்கிறார்கள், காசு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்தக் கடையிலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஊரில் பாதிப் பேரின் ஆதார், பான், பேங்க் பாஸ்புக் அங்கே கிடக்கும். ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்றால், அது பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும். பெயர் தெரிந்தவர் வருடத்தை ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மெயிலில் லாக் அவுட் செய்யாமல் வந்திருந்தால், வீட்டிலிருந்தே போனில் கூகுள் கணக்கின் 'பாதுகாப்பு' பகுதிக்குப் போய், 'உங்கள் சாதனங்கள்' பட்டியலில் அந்தக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றலாம். இந்தக் கட்டுரையில் உடனே செய்யக்கூடிய வேலை ஏதாவது இருந்தால், அது இதுதான்.

பேக்கப் என்று நினைப்பது பேக்கப் அல்ல

'போன்ல இடம் இல்லை, போட்டோ எல்லாம்தான் கூகுள்ல இருக்கே' என்று போட்டோஸ் ஆப்பில் தேர்ந்தெடுத்து அழித்தவர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும். அந்த ஆப்பில் அழித்தால் கிளவுட் நகலும் சேர்ந்தே அழியும். அது போவது டிராஷுக்கு. பேக்கப் ஆன படம் 60 நாள் அங்கே இருக்கும், பிறகு நிரந்தரமாகப் போய்விடும். இங்கே நடப்பது ஒத்திசைவு, அதாவது இங்கே செய்வது அங்கேயும் நடக்கும். போன் தொலைந்தால் அது காப்பாற்றும். உங்கள் விரல் தவறினால் காப்பாற்றாது. போனில் மட்டும் இடம் காலி செய்ய அதே ஆப்பில் 'இடத்தைக் காலி செய்' என்று தனியாக ஒரு வசதி இருக்கிறது.

இலவசம் என்ற சொல்லும் இப்படித்தான். கூகுள் போட்டோஸ் பல வருடம் அளவில்லாமல் இலவசமாக ஏற்றிக்கொள்ள விட்டது. எல்லோரும் குடியேறிய பிறகு, 2021 ஜூன் 1 முதல் புதிய படங்கள் எல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரும் என்றார்கள். அந்த 15 ஜிபி மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-இல் அதே கணக்கில் சேர்ந்துவிட்டது. விளைவு என்ன தெரியுமா? குடும்பக் குழுவில் தினமும் வரும் குட் மார்னிங் வீடியோக்கள் 15 ஜிபியை நிரப்பிவிட்டால், உங்களுக்கு மெயில் வருவது நின்றுவிடும். வேலைக்கான ஆர்டர், இன்சூரன்ஸ் நினைவூட்டல் எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். மாதம் கொஞ்சம் பணம் கட்டி இடம் வாங்கினால் தீரும், ஆனால் பிறகு கட்டுவதை நிறுத்த முடியாது. 2 ஆண்டு தொடர்ந்து வரம்புக்கு மேல் இருந்தால் உள்ளே இருப்பதை அழிக்கலாம் என்று விதி. 2 ஆண்டு யாரும் தொடாத கணக்கையும் 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நிறுவனமே தவறு செய்தால்? 2024 மே மாதம், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுடில் வைத்திருந்த முக்கிய அமைப்பு ஒன்று கூகுள் தரப்புப் பிழையால் அழிந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். கூகுளிலேயே இரண்டு இடங்களில் நகல் இருந்தது, இரண்டும் சேர்ந்தே போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த நகலும் கைகொடுத்ததால் தப்பினார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் பொது டிரைவ் தப்பவில்லை. 858 டெராபைட், அதாவது எட்டரை லட்சம் ஜிபிக்கும் மேல். வெளியே நகல் இல்லை. ஒரு நாட்டு அரசுக்கே இந்த நிலைமை.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

இந்த இடத்தில் நம் சட்டம் கொஞ்சம் ஏமாற்றும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'சேவை' என்பதற்குக் கொடுக்கும் வரையறையில் இலவசமாகத் தரும் சேவை சேராது. இலவச ஜிமெயில்காரர் வழக்குப் போட்டால் முதல் வாதமே அதில்தான் வந்து நிற்கும். நம் தகவல்களை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்களே, அது விலை இல்லையா என்று வக்கீல் வாதாடலாம். அது நியாயமான வாதம் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அதை நம்பி யாரையும் கோர்ட்டுக்குப் போகச் சொல்ல மாட்டேன்.

2023-இல் தனிநபர் மின்னணுத் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அங்கிருந்து 18 மாதம். தகவல் கசிந்தால் உங்களிடம் சொல்ல வேண்டும், கேட்டால் திருத்த வேண்டும், அழிக்க வேண்டும், மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு இல்லை. அலட்சியத்தால் தகவல் கசிந்தால் இழப்பீடு கேட்க பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்றொரு பிரிவு உண்டு. அந்த 18 மாதம் முடியும்போது அதையும் இந்தப் புதுச் சட்டம் நீக்குகிறது.

ஆக, பாதுகாப்பு பெரும்பாலும் நம் கையில். ஹேக்கர் கவலைக்கு, பாஸ்வேர்டோடு ஓடிபி போல இன்னொன்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்வது பெரும் பகுதி வேலையை முடித்துவிடும். 2014-இல் ஹாலிவுட் நடிகைகளின் அந்தரங்கப் படங்கள் வெளியானபோது ஐகிளவுடை உடைத்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. ஆனால் வழக்கில் தண்டனை பெற்றவர்கள் போலி மெயில் அனுப்பி பாஸ்வேர்டைக் கேட்டே வாங்கியிருந்தார்கள்.

ஓடிபி வரும் எண்ணைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண், 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். உங்கள் பழைய கணக்கின் ஓடிபி அவருடைய போனில் வரும். எண்ணை மாற்றினால் சிம்மைத் தூக்கிப் போடுவதற்கு முன் எல்லாக் கணக்கிலும் மாற்றிவிடுங்கள். கூகுள் கணக்கில் 'பேக்கப் குறியீடுகள்' என்று பத்து எண்கள் தருவார்கள். அதை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் பையில் வையுங்கள். போன் தொலைந்த அன்று அது உதவும்.

வீட்டுப் பெரியவர்களின் கணக்குக்கு இன்னொன்று. ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய போட்டோக்களைக் குடும்பம் எடுப்பது சுலபமில்லை. கூகுளில் 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்று ஒரு அமைப்பு உண்டு: 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை நீங்கள் வைக்கும் கெடு தாண்டியும் கணக்கைத் தொடாமல் இருந்தால், நீங்கள் பெயர் கொடுத்தவருக்குத் தகவல் போகும், எதை எடுக்கலாம் என்று நீங்கள் சொன்னீர்களோ அதை அவர் எடுத்துக்கொள்ளலாம். ஐபோனில் இதற்கு 'லெகஸி கான்டாக்ட்'.

கடைசியாக, சொந்த நகல். கூகுள் டேக்அவுட் என்ற பக்கத்தில் உங்கள் கணக்கில் இருப்பதை மொத்தமாகக் கேட்டு வாங்கலாம். எல்லாவற்றையும் ஒரே தடவை கேட்காதீர்கள், பெரிய கணக்கு என்றால் மூச்சு முட்டும். முதலில் போட்டோஸ் மட்டும். துண்டு துண்டாகப் பிரித்துத் தருவார்கள், துண்டின் அளவு 2 ஜிபி என்று இருக்கும். நெட் நன்றாக இருந்தால் 50 ஆக்கிக்கொள்ளலாம், அடிக்கடி அறுந்தால் 2-லேயே விடுங்கள். தயாரானதும் மெயிலில் லிங்க் வரும், அதற்குச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். வந்த பிறகு தள்ளிப்போடாதீர்கள், அந்த லிங்குக்கு ஆயுள் ஏழு நாள்போலத்தான். இறக்கியதை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, நாலைந்து படங்களைத் திறந்து பார்த்துவிட்டு மேலே தேதி எழுதி ஒட்டுங்கள். அடுத்த தடவை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரியும்.